எதால் வகுப்பது?

என் அம்மாவின் அப்பா கீழத்தஞ்சையில் ஒரு பண்ணையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் போன பிறகு சாமான்களைப் பிரித்தபோது வெற்றிலைச் செல்லம் பெரியம்மாவுக்குப் போனது, கைக்கடிகாரம் மாமாவுக்கு. பரணில் கிடந்த தகர டிரங்குப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போக இருந்ததை நான்தான் பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். உள்ளே பதினொரு பேரேடுகள். காக்கி அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு. பக்கத்தைத் திருப்பினால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். வரவு, பற்று, இருப்பு எல்லாம் நெல்லில். பணம் எப்போதாவது ஒரு வரியில் எட்டிப் பார்க்கும்.

நான் அப்போது பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். தாத்தாவின் கையெழுத்தைப் படிக்கவே இரண்டு மாதம் பிடித்தது. நாளுக்கு ௳, வருஷத்துக்கு ௵. ஒவ்வொரு பக்கத்திலும் ௸ என்று ஒரு குறி வந்துகொண்டே இருந்தது. யாரோ ஒரு ஆள் தினமும் வந்து நெல் வாங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு எதற்கு இவ்வளவு நெல் என்று கவலைகூடப் பட்டேன். அது ‘மேற்படி’ என்பதற்கான குறி என்று அம்மா சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பண்ணையாளின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டால், பக்கம் முடியும்வரை அவர் வெறும் ௸ தான்.

பொருளாதார வரலாறு என்று தனியாக ஒரு துறை இருப்பதே இந்தப் பேரேடுகளை வைத்துக்கொண்டு முழித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பொருளாதாரப் பாடத்தில் வரலாறு என்றால் முதல் அத்தியாயத்தில் ஆடம் ஸ்மித் பிறந்த வருஷம். வரலாற்றுப் பாடத்தில் பொருளாதாரம் என்றால் ‘சோழர் காலப் பொருளாதார நிலை’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பழைய கணக்குகளை மட்டும் நோண்டுகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்குள் தீராத சண்டைகள் இருக்கின்றன என்று தெரிந்ததும் எனக்கு அந்த வீட்டுக்குக் குடிபோய்விட வேண்டும்போல் இருந்தது.

குடிபோனதும் நடுத்திண்ணைதான் கிடைத்தது. சில வருஷம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போனேன். பொருளாதாரத் துறைக் குழுவில் ஒருவர் என் கட்டுரையைப் புரட்டிவிட்டு, “இதெல்லாம் ஹிஸ்டரி ஆச்சே, அங்கே அப்ளை பண்ணலாமே?” என்றார். அடுத்த வருஷம் வேறோர் இடத்தில் வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பித்தேன். அங்கே இருந்தவர் அட்டவணைகளைப் பார்த்ததும், “எகனாமிக்ஸ்காரங்க யாரும் எடுத்துக்கலையா உங்களை?” என்றார், நிஜமான பரிவோடு. இரண்டு வீட்டுக்கும் சொந்தம், இரண்டு வீட்டுப் பந்தியிலும் இலை கிடையாது. இப்போது ஒரு கம்பெனியில் டேட்டா வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் பேரேடு.

இத்தனைக்கும் இது சின்ன வயசுத் துறை இல்லை. ஹார்வர்டில் 1892-லேயே வில்லியம் ஆஷ்லியைப் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியராக உட்கார வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இந்தத் துறைக்கான ஆய்விதழ் 1927-ல் வந்தது. டெல்லியிலிருந்து நமக்கான ஆய்விதழ் 1963-ல். நோபல் என்று பார்த்தால் 1993-ல் ஃபோகலுக்கும் டக்ளஸ் நார்த்துக்கும், 2023-ல் கிளாடியா கோல்டினுக்கும், 2025-ல் ஜோயல் மோகிருக்கும் கொடுத்தது இந்த வேலைக்குத்தான். பரிசு வந்த வாரம் எல்லோரும் பேசுவார்கள். அப்புறம் திண்ணைதான்.

சரி, இந்த ஆட்கள் என்னதான் செய்கிறார்கள்? என்னைக் கேட்டால், பெரும்பாலும் வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் எண் ஆவணத்திலிருந்து வரும். கீழே எதைப் போடுவது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்க வேண்டும். முக்கால்வாசிச் சண்டை கீழே இருக்கும் எண்ணைப் பற்றித்தான்.

தாதாபாய் நௌரோஜி செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1867-68-க்கான பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த விளைச்சலையும் உற்பத்தியையும் மதிப்பிட்டு, மக்கள்தொகையால் வகுத்தார். தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் வந்தது. அதோடு விட்டிருந்தால் அது வெறும் 20 ரூபாய். கூடவா குறைவா என்று யாருக்குத் தெரியும்? லண்டன் கணக்கோடு ஒப்பிட்டால் ‘அங்கே விலைவாசி வேறு’ என்று அதிகாரிகள் தள்ளிவிடுவார்கள். அவர் சர்க்காரின் சொந்த அறிக்கையையே எடுத்தார். சிறைக்கைதி ஒருவருக்குச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் சர்க்கார் ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்தார். அது 20 ரூபாயைத் தாண்டியது. வெளியே சுதந்திரமாக இருக்கும் சராசரி ஆளைவிட உள்ளே களி தின்பவனுக்குக் கூடுதலாகச் செலவாகிறது! 1876-ல் பம்பாயில் இதை அவர் வாசித்தபோது எதிராளி மறுக்க வேண்டுமென்றால் தன் ஜெயில் கணக்கையே மறுக்க வேண்டியிருந்தது. கெட்டிக்காரத்தனம் கூட்டலில் இல்லை, ஒப்பிட எதை எடுத்தார் என்பதில் இருக்கிறது.

இதே வித்தை தப்பான கையில் எப்படிப் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மோசமான உதாரணம் அமெரிக்காவில். லூசியானாவில் பென்னட் பேரோ என்ற பருத்தித் தோட்ட முதலாளி இருந்தார். 1840-களின் தொடக்கத்தில் யாரை எதற்காகச் சாட்டையால் அடித்தோம் என்று ஒழுங்காகக் குறித்து வைத்தார். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் 160 முறை. 1974-ல் ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் அடிமை முறையைப் பற்றி எழுதிய நூலில் இந்த எண்ணை எடுத்து, வேலையாட்களின் எண்ணிக்கையாலும் வருஷத்தாலும் வகுத்தார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 0.7 அடி. படிப்பவர்க்கு என்ன தோன்றும்? ‘பரவாயில்லையே, வருஷத்துக்கு ஒன்றுகூட இல்லையே.’

மறுவருஷமே ஹெர்பர்ட் கட்மன் அதே 160-ஐ எடுத்து நாட்களோடு சேர்த்துப் பார்த்தார். 4.56 நாளைக்கு ஒருமுறை அந்தத் தோட்டத்தில் யாரோ ஒருவர் கட்டிவைத்து அடிக்கப்பட்டார். அடி வாங்காதவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்டையின் வேலையே பார்க்க வைப்பதுதானே! மேலே அதே எண். கீழே ஆளைப் போட்டால் கருணை, நாளைப் போட்டால் பயங்கரம். ஃபோகலும் எங்கர்மனும் அடிமை முறையை ஆதரித்தவர்கள் இல்லை. ஃபோகல் மணந்தது ஒரு கறுப்பினப் பெண்ணை. கணக்கு தப்பும் இல்லை. ஆனாலும் அந்த 0.7-ஐ நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என் அலுவலகத்தில் யாராவது ‘பெர் கேப்பிடா’ என்று ஸ்லைடு போட்டால் எனக்குப் பேரோவின் நோட்டுதான் ஞாபகம் வரும்.

நமக்குக் கிட்டத்தில் இருக்கும் சண்டைக்கு வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் ஒரு தென்னிந்திய நெசவாளருக்கும் ஓர் ஆங்கிலேய நெசவாளருக்கும் இடையில் யார் வசதி? ரொம்ப நாளாக இதற்கு விடை தெரிந்ததாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நம் துணி உலகச் சந்தையில் மலிவாக விற்றது, ஏனென்றால் நம் நெசவாளர் அரைவயிற்றுக் கூலிக்கு நெய்தார். 1998-ல் பிரசன்னன் பார்த்தசாரதி இதைப் புரட்டிப் போட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களிலும் கணக்குகளிலும் கிடைத்த வருமானத்தை எடுத்து, பணமாக ஒப்பிடாமல் தானியமாக மாற்றினார். இங்கே அரிசி, அங்கே கோதுமை. அப்படிப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றார்கள். நம் ஆள் ஒரு பிடி கூடவே சாப்பிட்டிருக்கலாம். துணி மலிந்ததற்குக் காரணம் ஆள் மலிந்தது இல்லை, சோறு மலிந்தது. காவிரி, கிருஷ்ணா, கோதாவரிக் கரைகளில் நெல் விளைந்த விளைச்சல். போதாததற்கு நெசவாளர் கையில் இன்னொரு துருப்பும் இருந்தது. வியாபாரி கெடுபிடி செய்தால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பி எறிந்துவிட்டு, தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம்.

2006-ல் ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் இதற்கு மறுப்பு எழுதினார்கள். சோற்றால் மட்டும் வகுத்தால் போதுமா, வெள்ளியால் வகுத்துப் பாருங்கள் என்றார்கள். வெள்ளி எடையில் பார்த்தால் இந்தியக் கூலி ஆங்கிலக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறது. அரிசி உள்ளூரில் விளைந்து உள்ளூரிலேயே தீர்ந்துபோகும். வெள்ளி கப்பலேறும். வெள்ளியில் கூலி உயர்ந்த ஊர்க்காரன் சர்க்கரை, தேயிலை, அயல்நாட்டுத் துணி என்று வாங்கலாம். நம் ஆள் வயிறு நிரம்ப உண்டுவிட்டு அதே வேட்டியோடு இருப்பார். தவிர, தானியக் கூலியிலும் இடைவெளி 18-ஆம் நூற்றாண்டிலேயே விழுந்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

இது ஏதோ அறிஞர் சண்டை என்று தோன்றினால், அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் சம்பளத்தை டாலரிலிருந்து ரூபாய்க்குப் பெருக்கிச் சொல்வார். அங்கே முடிவெட்ட எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். பையனோ முடிவெட்டும் கூலியை மட்டும் சொல்லி அழுவான். இருவரும் பொய் சொல்லவில்லை. அப்பா வெள்ளிக் கட்சி, பையன் நெல் கட்சி. எனக்கு நெல் கட்சிதான் பிடிக்கும். ஆனால் வெள்ளிக் கட்சியின் கேள்விக்கு இதுவரை முழு விடை வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் ராபர்ட் ஆலன் ஒரு கூடை பின்னினார். ஒரு ஆள் உயிரோடிருக்க வருஷத்துக்கு என்னென்ன வேண்டும்? அந்தந்த ஊரில் கிடைப்பதில் மலிவான தானியம், கொஞ்சம் பருப்பு, 5 கிலோ இறைச்சி, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சோப்பு, 3 மீட்டர் துணி, விளக்குக்கு எண்ணெய், அடுப்புக்கு விறகு. இங்கிலாந்துக்காரருக்கு ஓட்ஸ், நமக்கு அரிசியோ கம்போ. கூலியை இந்தக் கூடையின் விலையால் வகுத்தால் லண்டன், பீஜிங், டெல்லி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தலாம். 3 மீட்டர் துணி என்று படித்ததும் நான் பீரோவைத் திறந்து என் வேட்டிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு நாலு முழ வேட்டி, ஒரு துண்டு. அவ்வளவுதான் வரும். வருஷம் முழுவதற்கும்.

கூடை வந்ததும் சண்டை கூடைக்கு மேலே இருந்த எண்ணுக்குத் தாவியது. லண்டன் கட்டட வேலையாட்களின் நாள்கூலிதான் ஐரோப்பியக் கணக்குகளுக்கெல்லாம் அஸ்திவாரம். பழைய ரசீதுகளில் கொத்தனாருக்கு நாளொன்றுக்கு இத்தனை பென்ஸ் என்று எழுதியிருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2018-ல் ஜூடி ஸ்டீபன்சன், செயின்ட் பால் தேவாலயம் போன்ற பெரிய கட்டுமானங்களின் கணக்குகளில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ரசீதைப் போட்டது யார்? ஒப்பந்தக்காரர். அதாவது நம்மூர் மேஸ்திரி. ரசீதில் இருந்தது மேஸ்திரி வாங்கிய தொகை, ஆள் கையில் போனது இல்லை. ஆளுக்கு உண்மையில் கிடைத்தது 20 முதல் 30 சதவீதம் குறைவு. வீடு கட்டிய அனுபவமுள்ள எந்தத் தமிழரும் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்!

இன்னொரு குத்து பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் கூலி உயர்ந்திருந்ததால்தான் நூற்பு இயந்திரம் அங்கே பிறந்தது என்பது ஆலனின் வாதம். கூலி என்று அவர் முதலில் காட்டியதோ கட்டடத்தில் வேலை செய்த ஆண்களுடையது. நூல் நூற்றவர்கள் பெண்களும் குழந்தைகளும். ஜேன் ஹம்ப்ரீஸும் பெஞ்சமின் ஷ்னைடரும் நூற்புக் கூலிகளைத் திரட்டி, அவை சொற்பமானவை என்று 2019-ல் எழுதினார்கள். அந்த விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதற்குள் முழுசாக இறங்கவில்லை, இறங்கினால் பேரேட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

பேரேடு. எம்.ஃபில். கருத்தரங்கில் என் கட்டுரை இதுதான்: விய வருஷத்தில், அதாவது 1946-47-ல், இந்த ஒரு பண்ணையில் பண்ணையாள் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 32 கலம் நெல் கிடைத்தது. 20 குடும்பம், மொத்தம் 640 கலம். கலத்துக்கு 12 மரக்கால். வாய்ப்பாட்டில் மரக்காலுக்கு 8 படி என்று இருக்கும். எங்கள் பக்கத்துக் களத்தில் புழங்கியது 4 படி மரக்கால். இப்படி ஊருக்கு ஊர் மாறும். அதையெல்லாம் கவனமாகக் கணக்கில் எடுத்து, சோறாக மாற்றி, தலைக்கு வகுத்துக் காட்டினேன். நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தாத்தாவின் பண்ணை ஆயிற்றே.

ஒரு இடத்தில் மட்டும் உறுத்தல். பத்தாயத்தின் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு எல்லாவற்றையும் போட்டால் கணக்கு நேராகவில்லை. குறைந்திருந்தால் எலி, ஈரம், பதர் என்று சொல்லிவிடலாம். இங்கே கூடியிருந்தது. இருக்க வேண்டியதைவிட 112 கலம் நெல் அதிகமாகப் பத்தாயத்தில் கிடந்தது. பேரேட்டில் ஏறாத குத்தகை வரவு ஏதோ இருந்திருக்கும் என்று அடிக்குறிப்பு எழுதித் தாண்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த என் வழிகாட்டி அந்த அடிக்குறிப்பைத் தொடவில்லை. வேறொன்று கேட்டார். “எழுதினவர் பேரன் நீ. வாங்கினவங்க வீட்டுல யார்கிட்டயாவது கேட்டியா?”

அவர் சும்மா கேட்கவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் துறையின் தொடக்கமே ஊருக்குப் போய்க் கேட்டதில்தான். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறுவருஷம் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். பலர் தங்கள் சொந்த ஊரைப் பற்றியே எழுதினார்கள். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கம் வடமலைபுரம், தஞ்சையில் பாலக்குறிச்சி, காஞ்சிபுரத்துக்குக் கிட்டே தூசி, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருவேல்பட்டு. 1918-ல் அது நூலாக வந்தது. அதோடு நிற்கவில்லை. 1930-களில் மறுபடி போனார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-ல்கூட ஆய்வாளர்கள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். ஆனால் நூறு வருஷத்தில் ஒரே தெருவில் யாரிடமிருந்து யாருக்கு நிலம் போனது என்று சொல்லக்கூடிய ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

ஆவணத்தைத் திருப்பிப் படித்தே பெரிய நம்பிக்கையை உடைத்தவரும் உண்டு. 1952-ல் எஸ்.ஜே. பட்டேல், நிலமற்ற கூலிகள் என்ற வர்க்கமே பிரிட்டிஷ் ஆட்சியில் உருவானது என்று சென்சஸ் கணக்கிலிருந்து எழுதினார். தேசிய இயக்கத்துக்குப் பிடித்தமான வாதம். தர்மா குமார் 1965-ல் சென்னை மாகாணத்தை எடுத்துக்கொண்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்ணையடிமைகளாகவும் கூலிகளாகவும் வைக்கப்பட்டிருந்த சாதிகளை எண்ணினார். மக்கள்தொகையில் 10 முதல் 15 சதவீதம் பேர் வெள்ளைக்காரன் கணக்கெடுக்கும் முன்பே நிலமில்லாமல்தான் இருந்தார்கள். சாதியை எண்ணினால் கூலியை எண்ணியதாகுமா என்று கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் ‘முன்னே எல்லாம் நன்றாக இருந்தது’ என்ற பாட்டை அதற்குப் பிறகு முன்போலப் பாட முடியவில்லை. என் தாத்தாவின் ௸-கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை நான் அந்த ஆய்வில்தான் படித்தேன்.

போனேன். பண்ணை வீடு விற்றுப்போய்க் கல்யாண மண்டபமாகியிருந்தது. தெற்குத் தெருவில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டியிடம் கூட்டிப்போனார்கள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

“கணக்குப்புள்ள வூட்டுப் பேரனா? மவ வயித்துதா, மவன் வயித்துதா?”

“மக வயித்துப் பேரன் பாட்டி.”

“ஒக்காருங்க. முன்னல்லாம் ஒங்க தாத்தா இந்தத் தெருவுக்குள்ள வரமாட்டாரு. முக்குல நின்னு கூப்புடுவாரு.”

உட்கார்ந்தேன். நோட்டைப் பிரித்து அவர் அப்பாவின் பெயரைத் தேடி வாசித்தேன். பெயர், அப்புறம் ௸, ௸, ௸. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தாத்தா ‘சி’ என்று ஓர் எழுத்துப் போட்டிருந்ததையும் விடாமல் வாசித்தேன். அந்த ‘சி’ எனக்குப் பழக்கமானது. அன்றாடக் குறிப்பை முதலில் சிட்டையில் எழுதிவிட்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். ‘சிட்டைப்படி’ என்பதன் சுருக்கம் என்று என் கட்டுரையிலேயே எழுதியிருந்தேன்.

பாட்டி இடிப்பதை நிறுத்தினார். “அது சின்ன மரக்கா தம்பி.”

“என்னது?”

“களத்துல ரெண்டு மரக்கா இருக்கும். குத்தகை அளக்கப் பெருசு. எங்களுக்கு அளக்கச் சின்னது. பெருசு நாலு படி புடிக்கும். சின்னது மூணேகால் இருந்தாப் பெரிசு. கேட்டா, ‘ரெண்டும் மரக்காதானே’ம்பாரு காரியக்காரரு.”

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று சொல்கிறது. நூறு கலம் என்று சொல்லி நிறுத்தாமல், ராஜகேசரி என்ற அளவுக்குச் சமமான ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கல்வெட்டு நடை, அப்படித்தான் நீட்டி எழுதுவார்கள் என்று தாண்டிப் போயிருக்கிறேன். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் நூறு கலம் என்பதற்கு அர்த்தமே இல்லை என்று அதை வெட்டச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. என் தாத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு வரியிலும் எழுதித்தான் வைத்தார். யாருக்காக எழுதினார், நேர்மையா, கணக்குப்பிள்ளைப் பழக்கமா, பத்தாயத்து இருப்பு நேராக வேண்டுமே என்ற கவலையா, அது எனக்குப் பிடிபடவில்லை. அம்மா நேர்மை என்கிறாள். அவளுக்கு அப்பா.

ஒரு பாட்டியின் ஞாபகத்தை வைத்து அட்டவணையைத் திருத்தலாமா என்று கேட்பார்கள் என்று தெரியும். இரவு லாட்ஜ் அறையில் உட்கார்ந்தேன். ‘சி’ போட்ட வரிகள் எல்லாம் சேர்த்து 640 கலம், அதாவது 7,680 மரக்கால். பெரிய மரக்காலில் அளந்திருந்தால் 30,720 படி நெல் பத்தாயத்தைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். நான் விளக்க முடியாமல் அடிக்குறிப்பில் தள்ளிய 112 கலம் என்பது 5,376 படி. அந்த நெல் வெளியே போகவே இல்லை என்று வைத்துக்கொண்டால், போனது 25,344 படி. அதை 7,680-ஆல் வகுத்தேன். 3.3. அறுபது வருஷம் கழித்து, நோட்டைப் பார்க்காமல், அவர் மூணேகால் என்றார்.

காலையில் பஸ்ஸுக்கு முன்னால் மறுபடி தெற்குத் தெருவுக்குப் போனேன். அவர் அப்பாவின் பக்கத்தைக் காட்டி, பேரேட்டில் 32 கலம் என்று இருக்கிறது, உண்மையில் உங்கள் வீட்டுக்கு வந்தது 26 கலமும் கொஞ்சமும்தான், ஐந்தரைக் கலத்துக்கு மேல் குறைந்திருக்கிறது என்று சொன்னேன். ஏறக்குறைய 17 சதவீதம் என்றும் சொன்னேன். அந்தச் சொல் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு விரல்களை மடக்கினார்.

“அஞ்சரைக் கலம்னா எங்க வூட்டுக்கு ரெண்டரை மாசச் சோறு” என்றார். “அடமழைல வேல இருக்காது. ஐப்பசியும் கார்த்தியும் ஓடியிருக்கும்.”